பின்சக்கரத்துக்கு நாற்பது

"முன்னாடி ரெண்டு இஞ்ச் போதும்ணே. பின்னாடிதான் கேள்வி. பின்னாடி ஆள் உண்டா, இல்லையா?" என்றாள் சைக்கிள் கடைக்காரி.

சாவிக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். ஊரில் எந்தப் பூட்டையும் இரண்டு நிமிடத்தில் திறந்துவிடும் மனிதர். தன் வாயைத் திறப்பதற்குத்தான் அவரிடம் சாவி கிடையாது. அவருடைய பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் மோட்டாரைப் பொருத்தி முடித்திருந்தாள் கடைக்காரி. டயர் மட்டும்தான் பாக்கி.

"ஆள் இல்லேன்னா ரெண்டு பக்கமும் ஒரே சைஸ் போட்டுடலாம். லேசா இருக்கும், பேட்டரியும் நின்னு பேசும். ஆள் உண்டுன்னா பின்னாடி அகலம் வேணும். மோட்டாரும் அங்க, ஆளும் அங்க. குறுகலாப் போட்டா ஜல்லியில ரிம் அடி வாங்கும்."

"உண்டு," என்றார்.

"எடை?"

"ஐம்பத்து நாலு."

தோராயமாக அல்ல, சரியாகவே சொன்னார். அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதியவர் அவர். பதினோரு மாதத்துக்கு முன்னால், ஆற்றுக்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை கிடைத்தபோது, அவர் மனைவி கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "போகட்டுமா?" என்று கேட்டாள். சாவிக்காரர் சாவி ராவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் "உன் இஷ்டம்" என்றார். போகாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அரம் போட்ட சத்தத்தில் அவருக்கே அது கேட்கவில்லை. போதாக்குறைக்கு, மருத்துவச் சோதனைப் படிவத்தை முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பியும் கொடுத்தார். உயரம் இவ்வளவு, எடை ஐம்பத்து நாலு. அவள் பக்கத்திலேயே நின்று அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு மனிதர்.

முதலில் மாதம் இரண்டு தடவை வந்தாள். பிறகு பெரிய பாலம் பழுதாகி மூடப்பட்டது. பஸ் சுற்றிக்கொண்டு போனது, நாலு மணி நேரம். அரை நாள் லீவுக்கு அது கட்டுப்படியாகவில்லை. இரண்டு மாதமாக அவள் வரவே இல்லை. பக்கத்தில் போட்ட இரும்பு நடைபாலத்தில் ஆளும் சைக்கிளும் மட்டும் போகலாம். அந்த வழி இருபத்திரண்டு கிலோமீட்டர். அதில் பாதி ஜல்லி.

"இருக்கிற டயர்லயே அந்த எடையை வெச்சு ஓட்டிப் பாருங்க. எவ்வளவு அமுங்குதுன்னு சொல்லுங்க. அப்புறம் அகலத்தை முடிவு பண்ணலாம்," என்று அனுப்பினாள் கடைக்காரி.

மற்றவர்கள் என்றால் பக்கத்து வீட்டுக்காரனை ஏற்றி ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார்கள். சாவிக்காரர் மணலைச் சலித்து, தராசில் நிறுத்து, ஐம்பத்து நாலு கிலோவுக்கு ஒரு மூட்டை கட்டினார். பின் இருக்கையில் நிமிர்த்தி வைத்துக் கயிறு போட்டுத் தெருவில் ஓட்டினார். மேடு பள்ளம் வந்தால் தன்னையறியாமல் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் மூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னய்யா, மணலுக்கு ஊர் சுத்திக் காட்டுறியா?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாகக் கேட்டார். "ரொம்ப மரியாதையா ஓட்டுற. மூட்டை கோவிச்சுக்கிட்டா இறங்கிப் போயிடுமோ?"

சாவிக்காரர் சிரிக்கவில்லை. அவர் பயமே அதுதான். போய் நின்று கூப்பிட்டு, அவள் 'உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டால்?

அன்று சாயங்காலம் போன் செய்தார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இல்லை. வழக்கமான நாலு பேச்சும் தீர்ந்தது. அவள் வைக்கப்போகும் சமயத்தில் கேட்டார்.

"இப்ப உன் எடை எவ்வளவு?"

"எதுக்குங்க?"

"சும்மாதான்."

"நாப்பத்தேழு."

"ஐம்பத்து நாலுல்ல?"

"அது இங்க வர்றதுக்கு முன்னாடி," என்றாள்.

மறுநாள் காலையில் மூட்டையை அவிழ்த்து ஏழு கிலோ மணலை ஒரு வாளியில் அள்ளினார். பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை, முக்கால் வாளிகூட வரவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. அவள் தனியாக உட்கார்ந்து அரையும் குறையுமாகத் தின்று எழுந்த பதினோரு மாதம் அந்த வாளியில் கிடந்தது. நான்தான் இங்கே காய்கிறேன், அவள் சௌக்கியமாக இருக்கிறாள் என்று நினைத்த முட்டாள்தனம் அவருக்கு உறைத்தது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

கடைக்காரி புதுக் கணக்கைக் கேட்டுவிட்டு, "நாப்பத்தேழுதானா? அப்ப பின்னாடி ரெண்டேகால் போதும்ணே. மட்கார்டையும் கழட்ட வேண்டாம்," என்றாள்.

"இல்ல. இருக்கிறதுலயே அகலமானதைப் போடு."

"எதுக்கு? ரெண்டு புள்ளி நாலு போட்டா இந்த மட்கார்டு உரசும்."

"மட்கார்டை நான் தகரத்துல அகலமா அடிச்சுக்கிறேன். அந்த ஏழு கிலோவும் திரும்ப வரணும்," என்றார்.

கடைக்காரி அவர் முகத்தைப் பார்த்தாள். டயரை மாட்டிக் காற்று அடித்து, காற்றழுத்தம் பார்க்கும் கேஜைக் கையில் கொடுத்தாள். "ஆள் இருந்தா பின்னாடி காத்து நாப்பது. தனியாப் போனா இருபத்தெட்டுக்கு இறக்கிடணும். நாப்பதுல தனியா ஓட்டுனீங்க, ஜல்லியில பல்லெல்லாம் ஆடிடும்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார். போகும்போது இருபத்தெட்டு. கேஜ் சட்டைப்பையில், பம்பு கம்பியில். குறுகலான முன் டயர் சொன்ன பேச்சைக் கேட்டது. பின் டயர் மெத்தென்று வந்தது. அவள் தங்கியிருந்த ஆஸ்பத்திரி விடுதி வாசலில் நிறுத்தி, பேட்டரியைக் காவலாளி அறையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வந்துபோன நாட்களில் இது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

அவள் அவரைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், பஞ்சு வைத்துத் தைத்த பின் இருக்கையைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் எடை கேட்டீங்களா?"

"டயருக்கு."

"ரெண்டு மணிக்கு டியூட்டி," என்றாள். அவர் தலையை ஆட்டினார். "பாலம் வரைக்கும் வேணா வரேன். நடந்து திரும்பிடலாம்."

பேட்டரி சார்ஜ் ஏறும்வரை காத்திருந்து, எடுத்து வந்து மாட்டினார். அவள் ஏறி உட்கார்ந்ததும் சைக்கிள் ஒரு பிடி தணிந்தது. அந்தத் தணிவு அவர் முதுகுத்தண்டில் ஏறியது. விடுதியிலிருந்து பாலம் ஒன்றரை கிலோமீட்டர்தான். எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினார். மேடு வந்தபோது கை பின்னால் போனது. இந்தத் தடவை அந்தக் கையை ஒரு கை பிடித்துக்கொண்டது.

பாலத்தடியில் அவள் இறங்கினாள். ஆற்றில் தண்ணீர் கலங்கலாக ஓடியது.

"அன்னிக்கு 'உன் இஷ்டம்'னீங்க," என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி.

"என் இஷ்டம் வேற," என்று ஒரு வழியாகச் சொன்னார். "நீ வீட்ல இருக்கணும். அப்பவும் அதுதான். சொல்லத் தெரியல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேரமாகிவிட்டது. அவர் குனிந்து, வால்வு மூடியைத் திருகிக் கழற்றினார்.

"என்ன பண்றீங்க?"

"காத்தை இறக்கணும். தனியாப் போறேன்ல. இல்லேன்னா பல்லு ஆடிடும்."

அவள் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையிலிருந்த மூடியை வாங்கித் தானே திருகினாள். நன்றாக இறுக்கினாள்.

"ஆடட்டும். இறக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் ஏறணும். அதோட, வேலைய விட்டுட்டு வரணும்னா ஒரு மாசம் முன்னாடி எழுதிக் கொடுக்கணும். நாளைக்குக் கொடுத்துடறேன்."

எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் தலை மறையும்வரை அவர் பாலத்தைத் தாண்டவில்லை.

பிறகு இருபது கிலோமீட்டர். பாதி ஜல்லி. நாற்பதில் விறைத்த பின்சக்கரம் ஒவ்வொரு கல்லையும் எண்ணி எண்ணி அவர் முதுகில் இறக்கியது. பல் கிட்டித்தது, இடுப்பு விண்டது. பின்னால் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று கல்லுக்குக் கல் தெரிந்தது. இரண்டு இடத்தில் இறங்கி நின்று டயரை அமுக்கிப் பார்த்தார். காற்று இறங்கவில்லை. திருப்தியாக ஏறி மறுபடி ஓட்டினார்.