பெயர் சொல்லாத நோய்

எங்கள் ஊரில் இரண்டை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஒன்று, மருமகளாய் வந்தவளுக்குப் புருஷன் வீட்டு ஆண்களின் பெயர். இன்னொன்று, புற்றுநோய். அதைக் 'கெட்ட நோய்' என்பார்கள். என் புருஷனுக்கு அது வந்தபோது வயிற்றுப்புண் என்று சொல்லிக் கம்பளிக்குள் சுருட்டிப் படுக்க வைத்தார்கள். ஒரே ஒரு தடவை குதிரையேற வேண்டும் என்று கேட்டார். "முதல்ல தேறு, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். என் வாயையும் பூட்டினார்கள். கூரையைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அவருடைய வேட்டை நாய் அக்தோசுக்கும் அதே நோய். கழுத்தில் நெறி கட்டியது. அல்மாட்டி நகரத்தில் கால்நடை மருத்துவர் அய்னாஷ் ஊசி போடுகிறாள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"இது முழுசா குணமாகாதுக்கா. இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கணும், அதுக்குத்தான் ஊசி. சாப்பிடுதா, உங்களைப் பார்த்து வாலாட்டுதா, ஓட ஆசைப்படுதா, அதைப் பாருங்க. ஆசை விட்டுப்போச்சுன்னா நிறுத்திடுவோம்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

ஊர் சும்மா இருக்குமா? "ராபிகாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு, நாய்க்கு வைத்தியம் பார்க்குறா" என்று கடை வாசலில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பல் சுளுக்கிக்கொள்ளாது.

என் கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அவனை நான் 'மகராசா' என்றுதான் கூப்பிடுவேன், வந்த நாளிலிருந்து பெயர் சொன்னதில்லை. ஊசி போட்ட மறுநாள் அக்தோஸ் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்ததை அவன் பார்த்துவிட்டான். பிறகு அது தெளிந்து ஆட்டெலும்பைக் கடித்து நொறுக்கியதைப் பார்க்கவில்லை. முதல் பனி விழுந்த காலையில் துப்பாக்கியோடு வந்து நின்றான்.

"முயல் வேட்டைக்கா மகராசா? உன்னைக் கண்டா முயலே நின்னு நலம் விசாரிக்குமே."

"விளையாடாதீங்க அண்ணி. வேட்டை நாய் படுத்துக்கிட்டுச் சாகக் கூடாது. ஒரே குண்டு, வலிக்காது."

"அது உங்கிட்ட வந்து கேட்டுச்சா?"

"நாய் எப்படிக் கேக்கும்?"

அதற்குள் கொட்டகையிலிருந்து அக்தோஸ் எட்டிப் பார்த்தது. துப்பாக்கியைக் கண்டதும் அதற்குத் தலைகால் புரியவில்லை. துப்பாக்கி என்றால் அதற்கு வேட்டை, வேறு அர்த்தமே தெரியாது. பனியில் துள்ளிக்கொண்டு போய் வாசற்படலருகே நின்று, "வா, ஏன் நிக்கிற?" என்பதுபோல் அவனைத் திரும்பிப் பார்த்துக் குரைத்தது.

அவன் கண் கலங்கியது. ஆனாலும், "சந்தோஷமா இருக்கும்போதே போகட்டும்" என்று துப்பாக்கியைத் தூக்கினான்.

"நுர்காசி!"

அவன் விதிர்த்துப்போனான். என் வாயிலிருந்து அவன் பெயர் அன்றுதான் முதல் முறை வந்தது.

"அண்ணி... பேரைச் சொல்லிட்டீங்க."

"சொல்லுவேன். இன்னும் சொல்லுவேன். அதுக்குப் புற்றுநோய். உன் அண்ணனுக்கும் புற்றுநோய்தான். நோய் கொன்னது ஒரு பக்கம், உசிரோட இருந்தப்பவே நீங்க அவரைப் பொணமாக்கிட்டீங்க. இதையும் அப்படி ஆக்க விடமாட்டேன். துப்பாக்கியைக் காட்டிட்டல்ல? வேட்டைக்குக் கூட்டிட்டுப் போ."

அவன் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு படலைத் திறந்தான். அக்தோஸ் அவனுக்கு முன்னால் பாய்ந்தது.

பொழுது சாயும்போது வெறுங்கையோடு திரும்பினார்கள். அக்தோஸ் களைத்துப்போய் வந்து, நான் வைத்த கஞ்சியைச் சட்டி பளபளக்க நக்கியது.

"குறி தவறிட்டேன் அண்ணி. வழி முழுக்க என்னை முறைச்சுக்கிட்டே வந்துச்சு" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அண்ணன் அன்னிக்குக் குதிரை கேட்டாரே..."

"கேட்டார்" என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெகுநேரம் அக்தோசின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அடுத்த ஊசிக்கு நான் வண்டி எடுத்துட்டு வர்றேன். கடை வாசல்ல நிறுத்தி எங்கேன்னு கேப்பாங்க."

"என்ன சொல்லுவ?"

"புற்றுநோய்க்கு ஊசி போடப் போறோம்னு சொல்லுவேன்" என்றான், தெருவுக்கே கேட்கும்படி.