அபி தண்ணீர் குடித்த வெள்ளிக்கிழமை

"காலைல ஏழு மணிக்கு ஒரு டம்ளர் காபி குடிக்கறா டீச்சர். அப்புறம் நான் கம்பெனி விட்டு வர்ற வரைக்கும் ஒரு வாய் தண்ணி உள்ள போறதில்ல."

"பாட்டில் குடுத்து அனுப்பறீங்களே, அமிர்தவல்லி?"

"ரொப்பிக் குடுத்தது அப்படியே திரும்பி வருது. குடிச்சா ஒன்னுக்கு வரும், வந்தா எங்க போறதுன்னு என்னையே கேக்கறா. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து மூணு நாள் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில கெடந்தது போதும். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் வீராம்பட்டினத்துல எங்க அக்கா வூட்டுல வுட்டுட்டு அங்கயே சேத்துடுவேன்."

அபியின் அம்மா சொன்ன இந்தப் பேச்சு மூன்று வாரமாக மேனகா டீச்சரின் காதிலேயே நின்றது. முன்னூற்று நாற்பது பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளி அது. பிள்ளைகளுக்குக் கழிப்பறை இரண்டு. ஒன்றுக்குக் கதவு கிடையாது. மூன்றாம் வகுப்பில் அபிதான் கணக்குப் புலி. மேனகா பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, வறண்ட உதட்டை நக்கியபடி உட்கார்ந்திருப்பாள். அவளை இன்னொரு பள்ளிக்கு விட்டுக்கொடுக்க மேனகாவுக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் புதுக் கழிப்பறைகள் ஆறு கட்டி முடித்துப் பத்து நாளாயிற்று. வெள்ளை டைல்ஸ், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் குழாய்கள், வாசலில் ஒரு பெரிய பூட்டு. அதிகாரி வந்து ரிப்பன் வெட்டும்வரை அழுக்குப் படக்கூடாதென்று தலைமையாசிரியர் தெய்வசிகாமணி சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

"தொறந்தா ஒரே நாள்ல நாறடிச்சிடுவாங்கம்மா."

"சரிங்க சார்," என்றாள் மேனகா. "அப்ப ஸ்டாஃப் பாத்ரூமையும் பூட்டிடலாம். அதிகாரி வர்ற வரைக்கும் நாமளும் அடக்கிக்கலாம்."

"எனக்கு சுகர் இருக்கும்மா!"

மற்ற டீச்சர்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் எல்லோரையும் ஒருமுறை முறைத்தார். பிறகு தானே சிரித்துவிட்டார். சாவி மேசைமேல் வந்து விழுந்தது.

வியாழக்கிழமை இடைவேளையில் கதவு திறந்தது. மேனகா போய்ப் பார்த்தால் வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு. அத்தனை பிள்ளைகளும் வெறுங்காலோடு வெளியே நிற்கிறார்கள். உள்ளே ஓர் ஆள் இல்லை.

"ஏன்டா நிக்கறீங்க?"

"கோயிலாட்டம் இருக்கு டீச்சர்," என்றான் ராஜா. "இதுல போயி எப்படிப் போறது?"

மேனகாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "செருப்பு போட்டுக்கிட்டுதான்டா உள்ள போவணும்!"

அதற்குப் பிறகு பள்ளியே திருவிழாவானது. மேனகா தன் பழைய சாக்ஸில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டாள். திறக்காதே என்று சொன்ன தெய்வசிகாமணிதான் குழாயடியிலேயே காவல் நின்றார். "எங்க, கையக் காட்டு. மோந்து பாப்பேன். சோப்பு வாசன வரல, மறுபடி கழுவு!" கை மணக்காத பிள்ளை வகுப்புக்குப் போக முடியவில்லை.

அபி மட்டும் தூரத்தில் நின்றாள். பாட்டிலில் தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது.

மறுநாள் வெள்ளி, மாதத்தின் கடைசி வேலை நாள். மதியம் மணி அடித்ததும், "எல்லாரும் பாட்டிலத் தொறங்க. டீச்சரோட போட்டி!" என்று மேனகா தன் பாட்டிலை அண்ணாந்து குடித்தாள். நாற்பது தொண்டைகளில் களக் களக்கென்று சத்தம். அபி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. அப்புறம் நிறுத்தவே முடியாதவள்போல் பாதி பாட்டிலைக் குடித்தாள்.

மூன்று மணிக்கு, தட்டாஞ்சாவடிக் கம்பெனியில் பர்மிஷன் சொல்லிவிட்டு அமிர்தவல்லி வந்து ஜன்னலோரம் நின்றாள். கையில் டி.சி. கேட்டு எழுதிய தாள்.

உள்ளே அபி காலைப் பின்னிக்கொண்டாள். பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். பலகையில் இருந்த கணக்குக்கு இன்னும் விடை வரவில்லை. 'போயிட்டு வா' என்று மேனகாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இன்று நான் அனுப்பினால் நாளைக்கு யார் அனுப்புவது? அவள் பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதையே மறுபடி எழுதினாள். சுண்ணக்கட்டி உடைந்தது.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. அபி எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் ஜன்னல் தாண்டி அம்மாவுக்கும் கேட்டது.

"டீச்சர், நான் ஒன்னுக்குப் போயிட்டு வரட்டா?"