நூறு யூனிட்டுக்குள்

ராஜநாயகம் சாரைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் சாந்தோமில் பாதிப் பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். வாசலில் வந்து நின்றவரை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கோயில் காணிக்கைத் தட்டில் ஐம்பது ரூபாய்க்குக் குறைந்து போட்டதில்லை. அவருக்கு ஆகாதது வீணடிப்பு ஒன்றுதான். அரிசி கழுவின தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்கு, துணி அலசின தண்ணீர் கக்கூசுக்கு, கிழிந்த வேட்டி காய்கறிப் பைக்கு என்று அந்த வீட்டில் எதுவும் நேராகக் குப்பைக்குப் போகாது. எட்டாம் வகுப்புக்கு முப்பத்திரண்டு வருடம் அறிவியல் நடத்தி ரிட்டையர் ஆனவர். பூமி சூடாகிறது என்று தெரிந்த பிறகும் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்பார். கேள்வியில் தப்பே கிடையாது.

அவருக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்குள் கரண்ட் ஓடினால் வீட்டுக்குப் பில்லே கிடையாது. எப்படி இழுத்துப் பிடித்தாலும் அவர் வீட்டில் நூற்றெழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. ரீடிங் எடுக்க வரும் கபாலி ஒவ்வொரு தடவையும் சிரிப்பான். "இன்னா சார், இந்த தபாவும் ஜீரோ வரலியே. லைட்டே எரியாத வூட்ல எது சார் கரண்ட துன்னுது?"

தின்றது ஃப்ரிட்ஜ். அது இருந்தது கிளாடிஸுக்காக.

கிளாடிஸ் அவர் மனைவி. வயது அறுபத்தொன்று. இருபது வருடமாகச் சர்க்கரை, எட்டு வருடமாகக் காலையும் மாலையும் இன்சுலின். அவள் அம்மாவும் சர்க்கரைக்காரி. கடைசி நாலு வருடம் ஒற்றைக் காலோடு கட்டிலில் கிடந்துதான் போய்ச் சேர்ந்தாள், வெட்டின காலுக்குக் கட்டு மாற்றினவள் கிளாடிஸ். அதனால் அவளுக்குச் சாவைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை, காலைப் பற்றித்தான் பயம். ஜெபமாலை சொல்லி முடித்ததும் இரண்டு பாதங்களையும் விரல் விரலாக விலக்கிப் பார்த்து, பவுடர் போட்டு, அப்புறம்தான் படுப்பாள்.

சாம்பல் புதன் பூசையில் சாமியார், இந்தத் தவக்காலத்தில் கறியை மட்டும் விட்டால் போதாது, பூமிக்குப் பாரமாக இருக்கும் ஒன்றையும் சேர்த்து விடுங்கள் என்று பிரசங்கம் வைத்தார். அந்தக் கோயில் பங்கில் ஒருவர் பைக்கை விட்டார். இன்னொரு வீட்டில் பிளாஸ்டிக் கவரை விட்டார்கள். ராஜநாயகம் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, நெற்றிச் சாம்பலோடு போய் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்.

"நாப்பது நாள்தான் கிளாடிஸ். மீனு நொச்சிக்குப்பத்துலேர்ந்து டெய்லி ஃப்ரெஷ்ஷா வருது. பால் அன்னன்னிக்கு. நமக்கு எதுக்கு இது?"

"என் மருந்து?"

"அதுக்கும் வழி வச்சிருக்கேன்."

வழி இரண்டு மண்பானைகள். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஆற்று மணல், மணலை நனைக்க ஒரு சொம்புத் தண்ணீர், மேலே ஈரச் சாக்கு. எங்கோ பாலைவனத்தில், கரண்டே இல்லாத ஊரில், இப்படித்தான் மருந்தைக் காப்பாற்றுகிறார்கள் என்று வீடியோவில் பார்த்திருந்தார். தண்ணீர் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். எத்தனை முறை கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிய பாடம் அது. பழைய தெர்மாமீட்டரை உள்ளே வைத்து எடுத்தார். இருபத்து மூன்று.

"அட்டையில ரெண்டுலேர்ந்து எட்டுன்னு போட்டிருக்கே?"

"கம்பெனிக்காரன் அப்படித்தான் போடுவான். அவனுக்கு பயம்."

"என்னமோ போங்க. சயின்ஸ் வாத்தியார் நீங்க."

நம்பினாள். நாற்பது வருடமாக நம்பிப் பழகிய மனசு.

ஒரு வருட இன்சுலினை மொத்தமாக எடுத்தால் பதினைந்து சதவீதம் தள்ளுபடி என்றார் லஸ் பக்கம் மருந்துக் கடைக்காரர். எடுத்தார். ஐஸ் வைத்த தெர்மாகோல் டப்பாவில் போட்டுக் கொடுக்க வந்தபோது, அது ஐநூறு வருடமானாலும் மக்காது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, துணிப்பையில் வாங்கி வந்தார். இருபத்து நான்கு குப்பிகளும் சின்னப் பானைக்குள் இறங்கின.

ஈஸ்டர் வந்தது. பாலவாக்கத்திலிருந்து மகள் ஜொவிட்டா போன் செய்தாள். "டாடி, பண்டிகை முடிஞ்சுது இல்ல, ஃப்ரிட்ஜ போடுங்க." அவர் பழைய சாமான் வாங்கும் ஆசிஃபைக் கூப்பிட்டு ஃப்ரிட்ஜை விற்றுவிட்டார். அந்தப் பணத்தை அப்படியே பங்கின் ஏழைகள் நிதியில் போட்டார். பொய் சொல்லக்கூடாது, ஒரு பைசா அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ரீடிங் நூற்றெட்டு. "எட்டு யூனிட்ல கோட்டை வுட்டியே சார்" என்று கபாலி வருத்தப்பட்டான்.

கத்திரி வெயில் தொடங்கியது. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீடு. காற்று வரும், வந்தாலும் பிசுபிசுவென்று ஈரத் துணியைப் போர்த்தினது போலத்தான் வரும். மாடியில் போட்ட துணி சாயங்காலம்வரை காயாது. பானை மணலும் காயவில்லை. மார்ச்சில் நாளுக்கு ஒரு சொம்பு குடித்த மணல், மே மாதத்தில் மூன்று நாளைக்கு ஒரு சொம்போடு நின்றது. ராஜநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, தண்ணியும் மிச்சம்" என்று கிளாடிஸைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஏன் காயவில்லை என்று எட்டாம் வகுப்புப் பையனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். வாத்தியாருக்குத் தோன்றவில்லை. தெர்மாமீட்டர் அலமாரியில்தான் இருந்தது. மறுபடி வைத்துப் பார்க்கவில்லை. மறந்துபோனாரா, பார்க்க மனசு வரவில்லையா என்பது அந்த ஆண்டவருக்கே வெளிச்சம்.

கிளாடிஸின் சர்க்கரை ஏறியது. இருநூற்று நாற்பது, முந்நூற்றுப் பத்து, முந்நூற்று எண்பது. டாக்டர் மருந்தைக் கூட்டினார், மறு மாதம் இன்னும் கூட்டினார். "இன்சுலின் எல்லாம் குளிர்ச்சியா வச்சிருக்கீங்கள்ல?" என்று ஒரு தடவை கேட்டார். "ஜில்லுனு இருக்கு டாக்டர்" என்றார் ராஜநாயகம். பானையைத் தொட்டால் ஜில்லென்றுதான் இருந்தது. அப்படியானால் சாப்பாட்டில்தான் கோளாறு என்று டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கிளாடிஸைப் பார்த்தார். ராஜநாயகமும் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் திருடி ஆனாள். அவர் பிஸ்கட்டை எண்ணி வைத்தார். சர்க்கரை டப்பா மூடியில் பென்சிலால் கோடு போட்டார். அவள் கோயிலுக்குப் போய் வர கால் மணி தாமதமானால் எந்தப் பேக்கரி என்று கேட்டார். ஒருநாள் அவள் கைப்பையைக் கவிழ்த்து ஒரு மிட்டாய்க் காகிதத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில், அவள் தட்டுக்கு முன்னால் வைத்தார்.

"இது என்ன?"

"தல சுத்தினா வாயில போட டாக்டர்தானே வச்சிக்க சொன்னாரு. போன வருசத்து மிட்டாய்."

"கிளாடிஸ், நான் உன்ன அடிக்கவா போறேன்? ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டாத்தான் திருந்த முடியும்."

"நான் எதையும் தின்னலங்க."

"அப்ப சக்கர எங்கேர்ந்து வருது? வானத்துலேர்ந்தா?"

அவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தாள். காலையில் இரண்டு இட்லியை ஒன்றாக்கினாள். உடம்பு வற்றியது, சர்க்கரை இறங்கவில்லை. அவர் கேட்பதும் நிற்கவில்லை. ஜூலையில் ஒரு மத்தியானம், கையில் மோர் டம்ளரோடு அவள் சொன்னாள்.

"ஆமாங்க. தின்னேன். உங்களுக்குத் தெரியாம தின்னேன்."

ராஜநாயகத்தின் முகம் மலர்ந்தது. "பரவால்ல விடு. ஒத்துக்கிட்டியே, அதுவே பெருசு" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். சாயங்காலம் தானே கொய்யாப்பழம் நறுக்கி, உப்புத் தூவிக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை அவள் கோயிலுக்குப் போய், செய்யாத அந்தப் பாவத்தையும் பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தாள். கணவனிடம் ஆமாம் என்று சொன்னதைச் சாமியாரிடம் இல்லை என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் நானூறு. "இன்னும் விடலியா நீ?" என்றார்.

மாத இறுதியில் பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றம். சனங்கள் காவி உடுத்தி ஊர் ஊராக நடந்து வரும் நாள். கிளாடிஸும் நடக்கப்போவதாகச் சொன்னாள். செருப்பில்லாமல். சர்க்கரை இறங்க நேர்ச்சை.

"வாயக் கட்டினா போதும். மாதாவ எதுக்கு தொந்தரவு பண்ற?" என்றவர், பிறகு யோசித்து, "சரி, நடக்கறது நல்லதுதான். ஆட்டோ புகையும் இல்ல" என்றார்.

பட்டினப்பாக்கம் தாண்டி, அடையாறு பாலம் தாண்டி, கொதிக்கிற தார் ரோட்டில் அவள் நடந்தாள். வலது குதிகாலின் அடியில் ஒரு கொப்புளம். இருபது வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது, வலிக்கவே இல்லை. ராத்திரி பவுடர் போடும்போது பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், பவுடர் டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டாள். மறுநாள் அவர் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார். பத்து நாளில் வீடு முழுக்க வாடை அடித்தது.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டில் எத்தனை யூனிட் இன்சுலின் போடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, ஹம்சினி என்ற நர்ஸ் காலையில் ஆஸ்பத்திரி மருந்தில் அதே அளவைப் போட்டாள். பதினொரு மணிக்குக் கிளாடிஸுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது, நாக்கு குழறியது, கண் செருகியது. சர்க்கரை நாற்பத்திரண்டு. நாலு பேர் ஓடி வந்து குளுக்கோஸ் ஏற்றி மீட்டார்கள். மாதக் கணக்காக முந்நூறுக்குக் கீழே இறங்காத உடம்பு.

எல்லாம் அடங்கின பிறகு ஹம்சினி அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். "சார், இவ்ளோ டோஸ் போட்டும் வீட்ல எறங்கலைன்னா அந்த மருந்துல சத்தே இல்லன்னு அர்த்தம். எங்க வச்சிருந்தீங்க?"

"பானைல" என்றார்.

"எதுல?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தார். அலமாரியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துச் சின்னப் பானைக்குள் வைத்து, நாற்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். முப்பத்தொன்று. மிச்சமிருந்த குப்பியை வெளிச்சத்தில் பிடித்து உருட்டினார். உள்ளே வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தது, எவ்வளவு உருட்டியும் கலக்கவில்லை. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் தண்ணீர் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் குளிராது. எட்டாம் வகுப்பு, கேள்விக்கு இரண்டு மதிப்பெண். வருடா வருடம் அதில் தப்பு விட்ட பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறார். தன் காதைத் திருக யாருமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் சொல்லியிருக்கலாம், தைரியம் வரவில்லை. எடுத்த ஐந்தாம் நாள், ஜொவிட்டா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் சொன்னார். பானையைச் சொன்னார், மணலைச் சொன்னார், முப்பத்தொன்றைச் சொன்னார்.

"தப்பு என்னுது கிளாடிஸ். நீ ஒண்ணும் தின்னல."

"அது எனக்குத் தெரியாதா?"

அவர் அழுதார். அவள் அழவில்லை. கட்டுப் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மருந்து கெட்டுப்போச்சுன்னு எனக்கும்தான் தெரியாது. அத விடுங்க. யாருக்கும் நடக்கலாம்" என்றாள். போர்வையை இழுத்து அந்த இடத்தை மூடினாள். அப்புறம் சொன்னாள்: "தின்னேன்னு நான் பொய் சொன்னேன் இல்ல, அன்னிக்கி உங்க முகத்துல அவ்ளோ சந்தோஷம். கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அத பாக்கல."

ஜொவிட்டா வந்ததும், "நான் உன் வீட்டுக்கே வந்துடறேன்மா" என்றாள். ஏன் மம்மி என்று மகள் கேட்டதற்கு, "அங்க ஃப்ரிட்ஜ் இருக்கு" என்றாள்.

மறுவாரமே ராஜநாயகம் புது ஃப்ரிட்ஜ் வாங்கினார். உள்ளே வைக்க ஒன்றுமில்லை. பத்து நாள் காலியாக ஓடியது, பிறகு அதையும் ஜொவிட்டா வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அவர்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. வேண்டாம் என்று சொல்ல மகளுக்கு மனசு வராமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

டிசம்பரில் கபாலி வந்தான். மீட்டரைப் பார்த்தான், கையிலிருந்த மெஷினைப் பார்த்தான், மறுபடி மீட்டரைப் பார்த்தான்.

"சார், அடிச்சிட்டியே சார். எம்பத்தி நாலு. பில்லு ஜீரோ." வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "அம்மா எங்க சார்? அவங்களாண்ட சொல்லணுமே."

"பொண்ணு வீட்ல கீறாங்க" என்றார் ராஜநாயகம். கபாலியிடம் பேசினால் அவருக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

சாயங்காலம் போனில் மெசேஜ் வந்தது. கட்ட வேண்டிய தொகை பூஜ்ஜியம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். எத்தனை வருடத்து ஆசை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் ஒருத்திதான். பாலவாக்கத்துக்குப் போன் போட்டார். ஜொவிட்டா எடுத்தாள்.

"மம்மி இருக்காங்களா?"

பின்னாலிருந்து கிளாடிஸின் குரல் தெளிவாகக் கேட்டது. "தூங்குறேன்னு சொல்லும்மா."

"தூங்குறாங்க டாடி. எதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்று வைத்துவிட்டார்.

இருட்டிவிட்டது. விளக்குப் போட எழுந்தவர், தான் ஒருவனுக்கு எதற்கு என்று மறுபடி உட்கார்ந்துகொண்டார்.