மாஸ்டர் திருந்திவிட்டார்

என் வீட்டுக்காரர் திருந்திவிட்டார். அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொல்லாத புத்தியா? எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வையுங்கள், சாப்பிடும்போது போனை நோண்டாதீர்கள், வேளைக்குத் தூங்குங்கள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். எங்கள் தையல் கடையில் அவர்தான் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டுவதில் கில்லாடி, பெரிய வாடிக்கையாளர்களின் பேண்ட்டைத் தானே தைத்தும் கொடுப்பார். ஆனால் கத்திரியைத் துணிக் குவியலுக்குள் புதைத்துவிட்டு, "என் கத்திரிய எவன் எடுத்தான்?" என்று கடை அதிரக் கத்துவார். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள் சுவரில் ஆணி அடித்து, கத்திரியை அதில் மாட்டி, வெட்டி முடித்ததும் மறுபடி அதிலேயே மாட்டினார். எனக்குத் திக்கென்றது.

அதோடு விட்டாரா? எனக்கு முன்னாலேயே எழுந்து நடக்கப் போகிறார். போன் மேசை டிராயருக்குள் போய்விட்டது. நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கினார். இடது ஓரம் கறுப்பு, அடுத்தது கருநீலம், அப்புறம் பழுப்பு. "இதுல யாராவது கை வச்சீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்று ஓர் எச்சரிக்கை வேறு. சாப்பிடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமாகக் குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் விழுங்கியவர்!

சாயங்காலம் ஆனால் போதும், கடையின் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். திரும்பி வரும்போது கண் கலங்கியிருக்கும், கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே வருவார். யாரை நினைத்து உருகுகிறார்?

பொத்தான் துளை போடும் காஜா அக்காதான் எங்கள் கடையின் வானொலி. அவள் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "ஆம்பள சொல்லித் திருந்தினா பொண்டாட்டிக்குப் பெருமை. சொல்லாம திருந்தினா வேற எவளோ சொல்லியிருக்கான்னு அர்த்தம். சோழியன் குடுமி சும்மா ஆடுமாடி?"

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மனுஷன் என்னை விட்டுப் போகப் போகிறார் என்றே மனசு அடித்துச் சொன்னது. பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"என்னங்க, என்ன விஷயம்? புது மனுஷனா மாறிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. எது முக்கியமோ அதுல கவனம் வைக்கணும்னு தோணிச்சு."

"ஓஹோ. இத்தனை நாளா நாங்க முக்கியமில்லாமப் போயிட்டோமா?"

சிரித்து மழுப்பினார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

சரி, உங்களுக்கு நானும் சளைத்தவள் இல்லை என்று ஒரு காரியம் செய்தேன். கறுப்பு நூல்கண்டையும் கருநீலத்தையும் இடம் மாற்றி வைத்தேன். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், தொழில் தெரிந்தவன் கண்ணுக்குத் தப்பாது. மனசு வேலையில் இருந்தால் ஊசியில் கோக்கும்போதே கண்டுபிடித்துக் கத்துவார். வேறு எவளிடமாவது இருந்தால் தைத்துக்கொண்டே போவார். அவ்வளவுதான் என் கணக்கு.

தைத்துக்கொண்டே போனார். மத்தியானத்துக்குள் கறுப்பு பேண்ட் முழுக்கக் கருநீலத் தையல். முடித்து, உதறி, மடித்தும் வைத்துவிட்டார்.

எனக்கு வந்ததே ஆவேசம்! பேண்ட்டைத் தூக்கி அவர் மூஞ்சிக்கு நேரே பிடித்தேன். "கையும் களவுமா மாட்டினீங்களா? மனசு எங்கய்யா இருக்கு? யாரு அவ?"

காஜா அக்காவின் மிஷின் நின்றது. அவர் பேண்ட்டை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கறுப்பு நூல்தானே போட்டிருக்கேன்?"

"கறுப்பா? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

எங்கள் கடையில் தினமும் யாராவது யாரையாவது கேட்கிற கேள்விதான் அது. மற்ற நாளாக இருந்தால், "உன் வாய் மட்டும் சரியான எடத்துல இருக்கா?" என்று திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நூலை மாத்தி வச்சியா?"

"ஆமா, வச்சேன்."

"நான் எடத்தப் பாத்துதான் எடுக்கறேன். நிறம் சரியாத் தெரிய மாட்டேங்குது."

கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துவருகிறதாம். ஓரங்கள் முதலில் இருட்டுமாம். இடது பக்கம் ஏறக்குறைய போயே விட்டது. போனது வராது, வேளை தவறாமல் மருந்து விட்டு உடம்பை ஒழுங்காக வைத்துக்கொண்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னாராம். பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு விட்டது சொட்டு மருந்து. அதுவும் கைவிட்டால் என்ன செய்வது என்று, கண் இருக்கும்போதே எது எங்கே என்று கைக்குப் பழக்கிக்கொண்டிருந்தாராம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்திரியப் பிடுங்கிடுவே."

பிடுங்கியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

"அப்ப சாப்பிடறப்ப என் மூஞ்சியவே பாத்தது?"

"பாக்க வேண்டியத எல்லாம் பாத்து வச்சுக்கறேன்."

"இந்த அழுமூஞ்சியவா? முன்னாடியே சொல்லியிருந்தா தலையாவது வாரிட்டு வந்திருப்பேனே!"

அவர் சிரித்தார். காஜா அக்கா டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, கையில் பாத்திரம்கூட எடுக்காமல் வெளியே போனாள்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இன்னொருத்தி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. போய்க் கொண்டையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்திருப்பேன். இதற்கு யார் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட?

நூல்கண்டுகளைப் பழையபடி மாற்றி வைத்தேன். பேண்ட்டின் தையலைப் பிரிக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு காலைப் பிரித்தார். நான் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு காலை எடுத்தேன். அவருக்கு இடது பக்கம்தான் இடம் இருந்தது. இரண்டு தையல் பிரிப்பதற்குள் என் கண் நிறைந்து வழிய ஆரம்பித்துவிட்டது. துடைக்கக் கை வரவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் தலை நிமிராமல். அப்புறம் காதை மட்டும் என் பக்கம் சாய்த்துச் சந்தேகத்தோடு கேட்டார்: "ஏய், அழறியா?"

"நான் எதுக்கு அழணும்? நூல் தூசி மூக்குல ஏறிடுச்சு. நீங்க வேலையப் பாருங்க."

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எந்தப் பொய்யும் அவரிடம் ஒரு நிமிஷம் தாங்கியதில்லை. முகத்தை ஒரு பார்வை பார்ப்பார், குட்டு உடைந்துவிடும்.

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தையலைப் பிரிக்கப் போய்விட்டார்.