நீலமாகாத தட்டு

மண்ணுலக மாந்தர்க்கும் விண்ணுலகத் தேவர்க்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: சிங்கப்பூர்க் கடலோரச் சேற்றில் பிடிபட்ட ஒரு பாக்டீரியா, எண்ணெய்க் கழிவிலுள்ள நாப்தலீனை, அதாவது நம் வீட்டு அந்துருண்டைச் சரக்கை, தின்று தீர்த்து உலகை உய்விக்கப்போகிறது. இன்று காலை பத்து மணிக்கு. தேநீர், கறிபாப் உண்டு.

அறிவிப்பை எழுதியவர் ஆய்வக இயக்குநர் பாலகிருஷ்ணன். பாக்டீரியாவை வளர்த்தவர் மரியஅந்தோணி. ஈசூன் வட்டார அடுக்குமாடி வீட்டில் தனிக்கட்டை. வேதியியல்காரர்கள் ‘நறுமணச் சேர்மம்’ என்று மரியாதையாக அழைக்கும் அந்த வாடை சட்டையில் ஏறியதால், எம்ஆர்டி ரயிலில் அவர் பக்கத்து இருக்கை எப்போதும் காலி. டெங்கியில் மூன்று வாரம் படுத்திருந்து நேற்றுதான் வேலைக்குத் திரும்பினார். அந்த நாட்களில் வீடு தேடி வந்தவர் ஒருவர்தான்: கொசு எங்கே முட்டையிட்டது என்று பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்க்க வந்த அதிகாரி.

நாப்தலீன் தின்னும் மரபணு வேலைசெய்தால், சோதனைத் தட்டில் பாக்டீரியாக் கூட்டம் நீலநிறம் காட்டும். அந்த நீலத்தை ஒரு மனிதராவது பார்த்து ‘அட’ என்று சொல்லவேண்டும். மரியஅந்தோணிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

விழாவன்று காலையில் தட்டைத் திறந்தார். வெள்ளை.

உதவியாளரைக் கூப்பிட்டார். “நிரஞ்சனா, நான் இல்லாதப்ப இதுங்களுக்கு என்ன குடுத்தே?”

“சுகர் சூப்தான் அங்கிள், டெய்லி. பாவம் லா, எந்நேரமும் அந்துருண்டையே தின்னுக்கிட்டு! இப்ப பாருங்க, எவ்ளோ ஹெல்தியா இருக்கு!”

அழுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மரபணுக்கள் இருப்பது பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில், முதுகுமூட்டை மாதிரி. நாப்தலீன் மட்டுமே சோறு என்றால் மூட்டையைச் சுமந்தாக வேண்டும். சர்க்கரை கிடைத்தாலோ, மூட்டையைத் தொலைத்த பிள்ளைகள் லேசாக ஓடி, மற்றவற்றை முந்திப் பெருகிவிடும். உறைபெட்டியில் பழைய வம்சம் பத்திரமாக இருந்தது. ஆனால் எழுப்பி நீலமாக்க நாலு நாளாகும்.

இயக்குநரிடம் ஓடினார். “சார், இது வேலை செய்யாது. மரபணு போயிடுச்சு.”

“எங்க போச்சு?”

“போயே போச்சு சார். ப்ளூ வரலை.”

“ஒயிட்டுதான் நல்லது அந்தோணி. கிளீன்னா ஒயிட்டுதானே? போட்டோல பளிச்சுனு வரும் லா.”

விழாவில் பாலகிருஷ்ணன் தட்டை உயர்த்தினார். “பாருங்கள், மாசு அகன்ற வெண்மை!”

மரியஅந்தோணி எழுந்து, “அது நீலமா இருக்கணும்” என்றார். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. நிரஞ்சனா மட்டும் திரும்பிப் பார்த்தாள். அவர் பாராட்டுகிறார் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

அந்தத் தட்டிலிருந்த எதற்கும் நாப்தலீன் தின்னத் தெரியாது.