ஊரிலிருந்து வந்த பலகாரம்

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் தாதிகளுக்கு மனத்திடப் பயிற்சி வகுப்பு எடுக்க மேலிடம் யாரைப் பிடித்தது தெரியுமா? வார்டு சிஸ்டர் மனோரஞ்சிதத்தைத்தான். பார்த்தால் அசையாத தூண். போன வருஷம் ஒரு மாதம் லீவு போட்டு யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வந்து, வார்டுக்கே பனங்கட்டி கொடுத்தவள்.

நல்லூராவது, தேராவது! அந்த மாதம் முழுக்க அவள் பிடோக் வீட்டை விட்டு இறங்கவே இல்லை. சீருடையைக் கண்டாலே அலமாரிக் கதவைச் சாத்திவிடுவாள். மாத்திரையும் அழுகையுமாக நாள் போயிற்று. தாதிக்கே மனம் சோர்ந்தது என்றால் ஊர் சிரிக்காதா? பனங்கட்டியைச் சிராங்கூன் ரோட்டுக் கடையில் வாங்கி, விலை ஸ்டிக்கரை எடுத்து, ஊர்ச் சாமான் ஆக்கிவிட்டாள்.

போன மாதம் வகுப்பு முடிந்ததும் அனுப்ரியா மட்டும் தயங்கி நின்றாள். அதே வார்டில் வேலை பார்க்கும் சின்னப் பெண்.

“சிஸ்டர், டூட்டிக்குக் கிளம்பும்போதே அழுகையா வருது. தூக்கமும் இல்ல.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“எல்லாருக்கும் கஷ்டம்தாம்மா. நாமதான் ஸ்ட்ராங்கா இருக்கணும் லா.”

அனுப்ரியா தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரமே லீவு கேட்டாள். திருச்சியில் சித்தப்பா மகள் கல்யாணமாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; மனோரஞ்சிதத்துக்கோ, கல்யாணம் என்றதும் அப்பாடா என்றிருந்தது. மறுபேச்சில்லாமல் லீவு கொடுத்தாள்.

சனிக்கிழமை மளிகை வாங்க அதே சிராங்கூன் ரோட்டுக் கடைக்குப் போனாள். திருச்சியில் இருக்கவேண்டிய அனுப்ரியா கடை வாசலோரம் நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பை நிறைய மணப்பாறை முறுக்கு. ஒரு பாக்கெட்டை எடுத்து, நகத்தால் விலை ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

பார்க்காததுபோல் நழுவிவிட மனோரஞ்சிதத்தின் கால் திரும்பியதுகூட. அடிப் பாவி, இந்தப் பாடத்தை நீதானே நடத்தினாய் என்று மனம் இடித்தது. அதற்குள் அனுப்ரியா நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

“சிஸ்டர்... நான்... ஃப்ளைட்டு...” முகம் வெளுத்துப்போயிற்று.

மனோரஞ்சிதம் அவள் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

“நகத்தால சுரண்டினா பசை நிக்கும்மா. தேங்கா எண்ணெய் தொட்டுத் துடைக்கணும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நல்லூர்ப் பனங்கட்டி சாப்பிட்டியே, ஞாபகம் இருக்கா? அதுவும் இந்தக் கடைதான். நான் எங்கயும் போகலம்மா. வீட்டுல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்தேன்.”

அனுப்ரியா அவளையே பார்த்தாள். பிறகு, போகிறவர் வருகிறவர் யாரையும் பொருட்படுத்தாமல் விம்மி அழுதாள்.

“டாக்டரைப் பாக்கலாம், நான் கூட வர்றேன். நல்லா ஆனப்புறம் வேலைக்கு வந்தா போதும். வரும்போது முறுக்க இந்த ஸ்டிக்கரோடயே கொண்டு வா. யாராச்சும் கேக்கறதுக்கு முன்னாடி, வகுப்புல என் கதைய நான் சொல்லிடறேன்.”

சொல்லிவிட்டு மனோரஞ்சிதம், பாதி சுரண்டியிருந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, பாக்கெட்டை அவள் பையிலேயே போட்டாள்.