பெருக்கல் குறி போட்ட முட்டைகள்

பழுதான குளிர்சாதனப் பெட்டிகளைச் சரிசெய்து பிழைப்பவன் நான். பொருள்களைக் குளிரவைப்பதில் இருபது வருட அனுபவம். சூடாக வைத்திருப்பதில் என் அனுபவம் பூஜ்யம் என்பது, என் மனைவி ஒன்பது வாத்து முட்டைகளை என்னிடம் ஒப்படைத்த அன்றுதான் எனக்கே உறைத்தது.

ஒப்படைத்தாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. தண்டனையாகக் கொடுத்தாள். அவள் ஆசையாக வளர்த்த வாத்துக்கு 'மேடம்' என்று பெயர். அவள் பாடம் நடத்தும் பள்ளியின் தலைமையாசிரியை மாதிரியே நடக்கும் என்பதால் அவளே வைத்தது. ஒருநாள் காலையில் நான் பின்வாசல் கொக்கியைப் போடாமல் வேலைக்குப் போய்விட்டேன். தெருநாய் உள்ளே புகுந்துவிட்டது. மிஞ்சியது, பக்கத்து வீட்டு ஆண்வாத்தின் தயவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மேடம் இட்டு வைத்திருந்த முட்டைகள்தான். மனைவி அழவில்லை. அழுதிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். முட்டைகளை ஒரு பாத்திரத்தில் பொறுக்கி எடுத்துவந்து என் கருவிப்பெட்டி மேல் வைத்தாள்.

"இதுல ஒண்ணாவது குஞ்சா வெளிய வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

அதோடு சரி. பிறகு எங்கள் வீட்டில் தகவல்தொடர்பு இரண்டு வழிகளில் நடந்தது. ஒன்று, சிவப்பு மையில் எழுதிய துண்டுச்சீட்டு. 'சாப்பாடு மூடி இருக்கிறது' என்று இருக்கும். நான் 'சரி' என்று எழுதிவைத்தால், அடுத்த நாள் என் கையெழுத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு விழுந்திருக்கும். இன்னொரு வழி, அவள் தம்பி. என் மச்சான் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு மணிக்கு ரொட்டி கொண்டுவந்து, அக்கா பள்ளியிலிருந்து வரும்வரை இருப்பான். நானும் வீட்டில் இருந்தால் இரண்டு அறைகளுக்கும் நடுவே நின்று, "மாமா, கொடியில துணி காயுதாம், எடுப்பீங்களாம்" என்று அறிவிப்பான்.

அடைகாக்கும் பெட்டியை நானே செய்தேன். பக்கவாட்டில் சின்னக் கண்ணாடி வைத்த தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர், சூட்டைப் பார்த்து பல்பை அணைத்து எரியவைக்க ஒரு தெர்மோஸ்டாட். முதலில் பழக்கதோஷத்தில் குளிர்சாதனப் பெட்டியின் தெர்மோஸ்டாட்டையே மாட்டிவிட்டேன். அரைமணி நேரமாகியும் பல்பு அணையவே இல்லை, பெட்டி அடுப்பாகக் கொதித்தது. நல்லவேளை, அப்போது உள்ளே முட்டை இல்லை. வேறொன்று வாங்கிவந்து, முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வைத்து, பெட்டியைப் பின்கட்டுச் சாமான் அறையில் வைத்தேன்.

இருபத்தெட்டு நாள். தினம் மூன்று தடவை முட்டைகளைப் புரட்டவேண்டும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். எது புரட்டியது, எது புரட்டாதது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டேன். மறுபக்கம் வெறுமை. காலை ஆறு, மதியம் ஒன்று, இரவு எட்டு. ஒரு தடவை குறி மேலே, அடுத்த தடவை கீழே. ஒரு நோட்டில் குறித்தும் வைத்தேன். கல்யாணநாளைக்கூட இவ்வளவு ஒழுங்காக நான் நினைவில் வைத்ததில்லை.

பத்தாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு முட்டைகள் காலி, எடுத்துவிட்டேன். ஏழில் சிவப்பு நரம்புகள் வலைபோலப் படர்ந்திருந்தன. ஒன்றில் இதயம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி துடித்தது. எனக்கும் அதே இடத்தில் ஏதோ துடித்தது.

பன்னிரண்டாம் நாள் வந்தது வினை. மதியம் குறி மேலே தெரியும்படி வைத்துவிட்டுப் போனேன். இரவு எட்டு மணிக்கு மூடியைத் திறந்தால், ஏழும் வெறும் பக்கத்தைக் காட்டிக்கொண்டு சாதுவாகப் படுத்திருந்தன.

நான்தான் மறந்திருப்பேன் என்று முதலில் என்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டேன். அது எனக்குப் பழகிய இடம். மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாள் மறுபடியும் அதே கதை. நோட்டைப் புரட்டிக் கணக்குப் பார்த்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முட்டைகள் தாமாகப் புரள்கின்றன. எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது யார்?

பேக்கரிக்காரன். முட்டையை அட்டை அட்டையாக உடைக்கிறவன். பெட்டியை முதன்முதலில் பார்த்தபோது அவன் கேட்ட கேள்வி இப்போதுதான் எனக்கு முழுசாகக் கேட்டது: "வாத்து முட்டையில கேக்கு நல்லா எழும்பும், தெரியுமா மாமா?"

எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்க்கிறானோ? குலுக்கினால் கரு கலங்கிவிடும். ஏழில் ஒன்றுகூட வெளியே வராது. நான் ஆயுளுக்கும் துண்டுச்சீட்டில் குடித்தனம் நடத்தவேண்டியதுதான். அவன் சிரித்தால் எனக்கு ஆம்லெட் வாசனை அடித்தது. பதினாறாம் நாள் இரவு மூடியின் ஓரத்தில் கைரேகைபோல வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. மாவு! வேறென்ன சாட்சி வேண்டும்?

அடுத்து அவன் வந்த அன்று வேலையை நிறுத்திவிட்டு மூன்றரைக்கே வந்து காத்திருந்தேன். ரொட்டியைக் கீழே வைக்கக்கூட விடாமல் சாமான் அறைக்கு இழுத்துப்போனேன்.

"என்ன மாப்ளே இது?"

"மூடி."

"மூடியில என்னன்னு கேக்கறேன். உன் கையில இருக்கற மாவு எப்படி இங்க வந்துச்சு?"

அவன் பொடியைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தான். முகர்ந்தான். பிறகு பாவமாக என்னைப் பார்த்தான்.

"மாமா, பதினோரு வருஷமா மாவுலயே கெடக்கறேன். மைதா தேச்சா வழுவழுன்னு ஓடும். இது நறநறங்குது. இது சாக்பீஸ்."

எங்களுக்குத் தெரிந்து சாக்பீஸ் கையோடு வீட்டுக்கு வருகிறவர் ஒரே ஒருவர்தான்.

"அக்காவா?" என்றான்.

"உங்கக்காவுக்கு என்மேல கோபம் சரி. முட்டைமேல என்ன கோபம்?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு வளர்ந்த ஆண்கள், ஒருவன் கையில் ரொட்டியோடு, பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் பின்னால் பதுங்கினோம். மனைவி பையைக்கூட இறக்காமல் நேராகச் சாமான் அறைக்குத்தான் வந்தாள். மண்டியிட்டு மூடியைத் திறந்தாள்.

"இன்னைக்கும் தப்பாவே வெச்சிருக்காரு. ஏழும் தப்பு." ஒவ்வொன்றாக, குழந்தையைத் தொட்டிலில் திருப்பிப் படுக்கவைப்பதுபோலத் திருப்பினாள். "தப்பு போட்ட பக்கத்தை மேல வெச்சா எந்தக் குஞ்சு வெளிய வரும்? பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க. உங்கள வெச்சவரு அப்படி."

பதினைந்து வருடமாக விடைத்தாள் திருத்துகிறவள். பெருக்கல் குறியைப் பார்த்தால் அவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மதியம் குறி மேலே வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதால், அந்த நாள்களில் மட்டும் திருப்பியிருக்கிறாள். இத்தனை நாள் யோசித்ததில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

மச்சானுக்குச் சிரிப்பு பீறிட்டது. ரொட்டி கீழே விழுந்தது. அவள் திரும்பினாள். எங்களுக்கு இடையே இரண்டடி தூரம்கூட இல்லை. ஆனாலும் தம்பியைத்தான் பார்த்தாள்.

"அங்க என்னடா பண்றாருன்னு கேளு."

"என்ன பண்றீங்களாம் மாமா."

"அது தப்பு இல்லைன்னு சொல்லு மாப்ளே. அது வெறும் அடையாளம். ஒரு தடவை மேல, ஒரு தடவை கீழ."

"வெறும் அடையாளமாம்க்கா."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். முகம் சிவந்தது. "அடையாளத்துக்கு ஒரு புள்ளி வைக்கத் தெரியாதான்னு கேளு," என்றாள்.

"புள்ளி வைக்கத் தெரியாதா மாமா?"

தெரிந்திருக்கவேண்டும்தான். ஆனால் நான் கவனித்தது வேறு. தினம் மூடியைத் திறந்து ஏழு முட்டைகளோடும் பேசியிருக்கிறாள். என்னோடு மட்டும்தான் பேசவில்லை.

அன்றிலிருந்து நாலரை மணிப் புரட்டலும் அதிகாரபூர்வமாக நோட்டில் ஏறியது, சிவப்பு மையில். ஆனால் பயம் போகவில்லை. அவள் கை பட்டுக் கெட்டிருக்குமோ, என் கை பட்டோ? இருபத்தைந்தாம் நாளோடு புரட்டுவதை நிறுத்தினோம். இருபத்தெட்டாம் நாள் போயிற்று. ஒன்றும் இல்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பின்வாசல் மறுபடியும் திறந்துகிடந்தது.

இருபத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு முட்டையில் சிறு வெடிப்பு. உள்ளிருந்து ஒரு கீச்சு. சேதி கேட்டு மச்சான் ரொட்டியோடு ஓடிவந்தான். அப்புறம் மூன்று மணிநேரம் சத்தமே இல்லை. செத்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். ஓட்டைப் பிய்க்கக் கை பரபரத்தது. "தொடக்கூடாதுன்னு சொல்லுடா," என்றது ஒரு குரல். கையை எடுத்தேன். மச்சான் வாங்கிவந்த ரொட்டியை யாரும் தொடவில்லை.

மதியம் தாண்டி ஓடு வட்டமாக விண்டது. நனைந்த தூரிகைபோல ஒன்று வெளியே சரிந்தது. தலையைத் தூக்கியது, போட்டது, மறுபடி தூக்கியது. நான் பெட்டியின் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டேன்.

"கொஞ்சம் தள்ளுங்க, தெரியவே மாட்டேங்குது."

நேராக என்னிடம். அவளுக்கே தெரியாமல் வந்துவிட்டதா, தெரிந்தேதான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்டுத் தொலைக்கிற துணிச்சல் இல்லை. சத்தமில்லாமல் தள்ளி இடம் விட்டேன். அவள் தோள் என் தோளில் இடித்தது.

மச்சான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தான். "மாமா, அக்கா உங்கள..."

அவன் காலை ஓங்கி மிதித்தேன்.